குளிர்கால நித்திரையில் இருந்த ஆமை இடையில் எழும்பப் பார்க்கிறது, என்ன செய்யலாம்?

இணுவிலான்:
வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம், பொங்கலுக்காக இணுவிலுக்கு வந்து நிற்கிறோம். மகளுக்கு ஹெர்மன் ஆமை ஒன்று இருக்கிறது. தரை ஆமை. வருடா வருடம் கார்த்திகையில் மண்ணும் காய்ந்த இலையும் போட்ட மரப்பெட்டிக்குள் வைத்து கெல்லரில் (வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலவறையில்) இறக்கிவிடுவோம், பங்குனியில் எழும்பும். இந்த முறை அங்கே குளிரே இல்லையாம். கெல்லருக்குள் 12 டிகிரி. பார்த்துக்கொள்கிற மருமகன் நேற்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். பெட்டியைச் சரசரவென்று விறாண்டுகிற சத்தம், இலைக்குள்ளே இருந்து தலை வெளியே, ஒரு கண் பாதி திறந்தபடி. கீரை கொடுக்கட்டா என்று கேட்கிறான். மகள் சாப்பிடாமல் இருக்கிறாள். அம்மா என்றால், "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு அப்பவே சொன்னனான்" என்று வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்கிறார். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்குவில் குமரன்:
எழும்பினால் எழும்பட்டும் அண்ணை. சாப்பாட்டைக் கொடுத்துத் திரும்பப் படுக்க விட வேண்டியதுதானே.

பேர்ண் அக்கா:
குமரன் தம்பி, அப்படிச் செய்தால்தான் ஆமை சாகும். இணுவில் தம்பி, முதல் வேலையாகக் கீரையை நிப்பாட்டச் சொல்லுங்கள். 12 டிகிரியில் ஆமைக்குச் செரிமானம் நடக்காது, உள்ளே போனது அப்படியே கிடந்து அழுகும். நித்திரைக்கு முதல் சில கிழமை சாப்பாடு கொடுக்காமல் வயிற்றைக் காலியாக்குவதும் இதற்காகத்தான்.

உங்கள் ஆமைக்கு இப்போது இருக்கிற பிரச்சினை அரை நித்திரை. இந்த வகைக்கு 4, 5 டிகிரிதான் நல்லது. 10 தாண்டினால் உடம்பு வேலை செய்யத் தொடங்கிச் சேமித்த கொழுப்பை எரிக்கும். ஆனால் சாப்பிடவும் முடியாது. இப்படியே பங்குனி வரை விட்டால் எழும்பும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒன்றில் குளிராக்குங்கள், இல்லாவிட்டால் முழுசாக எழுப்புங்கள்.

எது என்று முடிவெடுக்க மருமகன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நித்திரைக்கு வைக்கும்போது நிறுத்திருப்பீர்களே, இப்போது கிச்சன் தராசில் திரும்ப நிறுக்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு 1 சதவீதம் அளவில் குறைவது வழமை. பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் எழுப்பத்தான் வேண்டும். அடுத்தது, பெட்டியின் அடி ஈரமா? சலம் போயிருந்தால் உடம்பில் வைத்திருந்த தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், திரும்பப் படுக்க வைக்கக் கூடாது. கண், மூக்கில் நீர் வடிந்தாலும் அப்படித்தான், மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

மூன்றும் சரி, இரண்டு கண்ணையும் திறந்து நடந்து திரியவும் இல்லை என்றால் பிரிட்ஜ். சிரிக்காதீர்கள், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் இதற்கென்றே பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 5 டிகிரியில் வைத்து, தண்ணீர் நிரப்பிய போத்தல்களை உள்ளே அடுக்குங்கள், அப்போதுதான் குளிர் ஏறி இறங்காது. பெட்டி பின்சுவரில் முட்டக் கூடாது. பூச்சியத்துக்குக் கீழே போனால் கண் பார்வையே போய்விடும். பிரிட்ஜில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாமல் தெர்மோமீட்டரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கிழமைக்கு ஒரு தரமாவது கதவைத் திறந்து காற்று மாற வேண்டும்.

எழுப்புவதென்றால் முதலில் அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்து, தாடைக்கு மேலே வராத அளவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் விடுங்கள். நன்றாகக் குடிக்கும். பிறகு சூடு தருகிற விளக்கு, புற ஊதா விளக்கு, அதற்குப் பிறகு சாப்பாடு. எழுப்பினால் இந்த வருடம் திரும்பப் படுக்க வைக்கிற கதையே வேண்டாம்.

தென்மராட்சி வாத்தியார்:
இதை வாசித்துவிட்டு இங்கே யாரும் ஆமையைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடாதீர்கள்! யாழ்ப்பாணத்தில் தையில்கூட இரவு 22 டிகிரி அளவில்தான் இருக்கும், எங்கள் ஆமைகளுக்குக் குளிர்கால நித்திரை இல்லை. இங்கே நடப்பது மறுவளம். கோடையில் குளம் வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், மழை வந்தால் வெளியே வரும். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் அது வருத்தம், நித்திரை இல்லை. அலுத்துப் போய்க் குளத்தில் கொண்டுபோய் விடவும் வேண்டாம், அது வெளிநாட்டு இனம். வன்னிப் பக்கம் நட்சத்திர ஆமையைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

இணுவிலான்:
நன்றி அக்கா. கார்த்திகையில் 1140 கிராம், இப்போது 1105. பெட்டி காய்ந்துதான் இருக்கிறது, கண்ணும் சுத்தம். கெல்லரிலேயே பக்கத்து வீட்டுக்காரரின் பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது, உள்ளே பியர் மட்டும்தான். கேட்டால் தருவார். மகளுக்குச் சொன்னேன், இப்போதுதான் ஒரு தோசை சாப்பிட்டாள்.

பேர்ண் அக்கா:
35 கிராம் என்றால் 3 சதவீதம், பயமில்லை. முதலில் பிரிட்ஜை வெறுமையாக ஓட விட்டு, 5 டிகிரியில் ஒரு நாள் முழுக்க நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஆமையை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பியர் திரும்ப உள்ளே போகக் கூடாது. அந்த மனிசன் பின்னேரம் பின்னேரம் கதவைத் திறந்தால் குளிர் நிற்காது.