புதுப்பிப்பு: அத்தியாயம் அத்தியாயமாக வரும் கேம்களுக்குக் கொடுக்கும் காசு

இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஓர் அத்தியாயத்துக்குக் காசு கொடுப்பது தகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கச் சொன்னவர்களே அதிகம். அதன் பிறகு, 2012-இல் ஐந்து அத்தியாயங்களாக வெளிவந்த 'தி வாக்கிங் டெட்' கேமின் முதல் சீசனை வேளச்சேரி வீட்டில் தம்பியுடன் ஆடி முடித்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில், பசியோடு காத்திருக்கும் ஒரு கூட்டத்துக்கு நான்கே உணவுப் பொருட்களைப் பங்கிட வேண்டிய இடத்தில், குழந்தைகளுக்கா, வேலை செய்பவர்களுக்கா என்று இருவரும் வெகுநேரம் வாதாடினோம். எனக்கு அந்த ஓர் இடத்துக்கே கொடுத்த காசு தகும்.

நீளத்தைவிட, தொடர் முடியுமா என்பதே எனக்குப் பெரிய கவலை. இந்த கேமை உருவாக்கிய டெல்டேல் நிறுவனம் 2018-இல் முடங்கியதால், அதன் இறுதி சீசனின் நான்கு அத்தியாயங்களில் இரண்டுதான் அந்த ஆண்டில் வந்தன. மீதியை ஸ்கைபவுண்ட் என்ற வேறொரு நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. எனவே, முழுத் தொடரும் வந்த பின்னரே இனி வாங்குவேன்.