“நம்ம ஆய்வையும் ஒரு வரி சேர்த்துவிடுங்களேன்”: விக்கிப்பீடியா தொகுப்பவர்களின் அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர்
தமிழ் விக்கிப்பீடியாவில் மூலிகைக் கட்டுரைகள் பலவும் என் கவனிப்புப் பட்டியலில் இருக்கின்றன. ஒருநாள் இரவு நிலவேம்பு, ஆடாதோடை, சீந்தில், தூதுவளை என்று வரிசையாக மாற்றங்கள். நான்கிலும் ஒரே வாக்கியம்: “புற்றுநோயைக் குணப்படுத்தும் என அண்மைய ஆய்வு நிரூபித்துள்ளது.” நான்குக்கும் ஒரே மேற்கோள். பயனர் பெயரும் ஆய்வாளர் பெயரும் ஒன்றே. இணைப்பைத் திறந்தால், பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுவோம் என்று முகப்பிலேயே போட்டிருக்கும் இதழ். நான்கு மூலிகையும் கலந்த சாற்றை ஆய்வகத்தில் வளர்த்த செல்களின்மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோயாளி என்று ஒருவர்கூட அதில் இல்லை.

நீக்கிவிட்டு, மருத்துவச் செய்திக்கு ஒற்றை ஆய்வு போதாது, பல ஆய்வுகளை எடைபோட்ட மீளாய்வு வேண்டும் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது: “தம்பி, சித்த மருத்துவத்தின் மேல் உங்களுக்கு என்ன காழ்ப்பு?”

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். கொள்கை விளக்கம் வேண்டாம், அதற்கு விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடி இருக்கிறது.

கல்லூரி ஆசிரியர், மதுரைப் பக்கம்
அவரைத் திட்டும் முன் எங்கள் பிழைப்பையும் பாருங்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும், கட்டுரைக்கு மேற்கோள் வேண்டும். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அந்த இதழ்களில் வெளியானவை மட்டும் இன்னும் இணையத்தில் உலவுகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு துறையில் மாணவர்களுக்கு வேலையே இதுதான்: துறை ஆசிரியர்களின் கட்டுரைகளை விக்கியில் மேற்கோளாகச் சேர்த்து, திரைப்பிடிப்பு எடுத்துக் காட்டினால் உள்மதிப்பீட்டு மதிப்பெண். பையன்கள் பாவம், கல்வெட்டுக் கட்டுரையில் நானோ தொழில்நுட்பத்தைச் செருகியிருந்தார்கள். இதனால் கூகுளில் மேலே வரலாம் என்று வேறு நம்பிக்கை. வெளியிணைப்புகளைத் தரவரிசைக்கு எடுக்காதே என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறி ஆங்கில விக்கியிலேயே 2007 முதல் இருக்கிறது.

ஆய்வு மாணவி
என் அனுபவம் வேறு மாதிரி. விக்கியில் மற்றவர்கள் எனக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் “முனைவர் பட்டத்துக்காக, இருபதே நிமிடம்” என்று படிவம் அனுப்பினார். நானும் அந்தப் பாடு படுகிறவள்தானே என்று திறந்தேன். சாதிப் பிரிவும் மாத வருமானமும் கட்டாயக் கேள்விகள். வழிகாட்டி யார், அறநெறிக் குழு அனுமதி உண்டா, பதில்கள் எங்கே சேமிக்கப்படும்? ஒரு வரிகூட இல்லை. மூடிவிட்டேன்.

பெரிய இடங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2011 டிசம்பரில் ஹார்வர்டின் இணைய ஆய்வு மையமான பெர்க்மன் மையமும் பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வுக்கு ஆள் சேர்க்க ஆங்கில விக்கியில் பதாகை வைத்தார்கள். விளம்பரம் மாதிரி இருக்கிறது, எங்கள் விவரம் எங்கே போகிறது என்று தொகுப்பவர்கள் கொதித்ததும் சீக்கிரமே இறக்கிவிட்டார்கள். ஆய்வு நல்லதாகவே இருக்கட்டும். சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள் முன் எதையாவது வைப்பதாக இருந்தால் அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

நடுகல் தேடுபவர்
எல்லா வெளி ஆய்வையும் சந்தேகித்தால் எங்கள் கதி என்ன? தர்மபுரிப் பக்கத்து நடுகல் ஒன்றைப் பற்றி அச்சில் இருப்பதே நான் ஒரு சிற்றிதழில் எழுதிய கட்டுரைதான். நானே சேர்க்கவில்லை. அந்த விக்கிக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், “இது என் கட்டுரை, பொருத்தம் என்று பட்டால் யாராவது சேருங்கள்” என்று எழுதி, படியெடுத்த படத்தையும் வைத்தேன்.

மாதக்கணக்கில் எவரும் எட்டிப் பார்க்கவில்லை! கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, மூன்றாம் வரியில் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கிறதே, உங்கள் வாசிப்பை வேறு யாரும் ஏற்றிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, இன்னொருவர் வேறு விதமாகப் படிக்கிறார் என்றேன். இரண்டு வாசிப்பையும் சேர்த்து எழுதினார். நானே எழுதியிருந்தால் அந்த இரண்டாவது வாசிப்பு அடிக்குறிப்புக்குப் போயிருக்கும்.

பழைய நிருவாகி
எனக்கு வந்தது கைப்பேசி அழைப்பு. ஒரு தலைமுடித் தைல நிறுவனத்துக்காரர். “எங்கள் ஆய்வறிக்கையை ஒரு வரி போடுங்கள் சார், சும்மா வேண்டாம், ஏதாவது தருகிறோம்.” காசுக்குத் தொகுத்தால் யார் கொடுத்தது என்று வெளிப்படையாக எழுத வேண்டும், 2014 முதல் அது விக்கியின் பயன்பாட்டு விதி என்றேன். அப்புறம் அழைப்பே இல்லை.

நடுகல் ஐயாவுக்கு ஒன்று. ஆங்கில விக்கியில் தன் கட்டுரையைத் தானே சேர்க்கத் தடை இல்லை. பொருத்தமாக, அளவாக இருக்க வேண்டும், அவ்வளவே. மாதக்கணக்கில் ஆள் வராவிட்டால் நீங்களே சேர்த்துவிட்டு, “என் கட்டுரை” என்று தொகுத்தல் சுருக்கத்தில், அதாவது மாற்றத்தோடு எழுதும் சிறு குறிப்பில், சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

திரியைத் தொடங்கியவர்
இதில் எனக்கு உடன்பாடில்லை, அண்ணா. அந்த மூலிகைக்காரரும் நாளை இதையே காட்டுவார். பேச்சுப் பக்கத்தில் காத்திருக்கும் வேண்டுகோள்களுக்கு ஒரு பட்டியல் போடுவோம். கல்வெட்டு, நடுகல் பக்கம் யார் பார்க்கிறீர்கள்?