சார்ல்ஸ் காஸ்லி குழந்தைங்க கவிஞரா, பெரியவங்க கவிஞரா?

கேள்வி:
இவரோட 'டிமதி விண்டர்ஸ்' கவிதை மட்டும்தான் படிச்சிருக்கேன், கிழிஞ்ச துணியோட ஸ்கூலுக்கு வர்ற பையனைப் பத்தினது, நாலு நாளா மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. இவர் யாருக்காக எழுதினாரு? அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில் 1:
ரெண்டு பேருக்கும்தாங்க. 1917ல இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் லான்ஸ்டன்ல பொறந்தவரு, முதல் உலகப்போருக்குப் போய் உடம்பு கெட்டுப்போன அப்பா 1924ல இறந்துட்டாரு, இவரு அப்போ சின்னப் பையன். ரெண்டாம் உலகப்போர்ல கடற்படைல இருந்துட்டு திரும்பி வந்து சொந்த ஊர்லயே பல வருஷம் வாத்தியார் வேலை. டிமதி நிஜமாவே இருந்த பையன்தான்னு அவரே சொல்லியிருக்காரு, அதான் அந்தக் கவிதை அப்படி வலிக்குது.

பதில் 2:
குழந்தைங்களுக்குன்னா 1970ல வந்த 'ஃபிகி ஹாபின்' கவிதைத் தொகுப்பை எடுங்க. நம்ம கதைப்பாட்டு மாதிரி எதுகையும் தாளமுமா ஓடும், ஆனா உள்ள சோகம் இருக்கும், குழந்தைதானேன்னு எதையும் மறைக்க மாட்டாரு, எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சதே அதுதான். சத்தமா வாசிங்க.

பதில் 3:
'ஈடன் ராக்' கவிதையை விட்டுடாதீங்க ப்ளீஸ். அவருக்கு வயசான காலத்துல எழுதினது. இறந்துபோன அப்பா அம்மா இளவயசுல, அப்பாவுக்கு 25, அம்மாவுக்கு 23, ஓடைக்கு அந்தப் பக்கம் பிக்னிக் துணி விரிச்சு டீ ஊத்திக்கிட்டு இவரைக் கூப்பிடுறாங்க. கஷ்டமான வார்த்தை ஒண்ணுகூட கிடையாது. எங்கப்பா போனப்புறம் படிச்சேன், அழுதுட்டேன்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, இன்னிக்கு ராத்திரியே 'ஈடன் ராக்' படிக்கிறேன்.