கோடைகால ஆய்வுக்கு ஒதுக்கிய பணம்: உங்கள் அனுபவம் என்ன?

வாவிக்கரை மாணவி:
2018ஆம் ஆண்டு விடுமுறையில் கொழும்பின் பேரே வாவியின் பாசிப் பெருக்கத்தை ஆராய்வதற்கு எங்கள் துறை எனக்கு 40,000 ரூபாய் ஒதுக்கியது. ஒதுக்கியது என்றுதான் சொல்ல வேண்டும், கையில் தரவில்லை. முதலில் நாம் செலவழித்து, பற்றுச்சீட்டுகளை நிதிக் கிளையில் ஒப்படைத்து, பிறகு மீளப் பெறுவதே முறை என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பாசியின் அளவைக் காட்டும் பச்சையத்தை அளப்பதற்கு எடுக்கும் நீரை வெளிச்சம் படாமல் குளிரில் வைத்து அன்றைக்கே வடிகட்டியாக வேண்டும் என்பதால், ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எட்டு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு தடவை முச்சக்கரவண்டியில் ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். வடிதாளுக்கும் போத்தல்களுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. வண்டிக் கூலிக்கு இல்லை.

நிதிக் கிளையில் இருந்த அம்மா கோபப்படவில்லை. சாரதியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் மூன்றும் இருந்தால் வவுச்சரை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். கொம்பனித்தெருத் தரிப்பிடத்துக்குத் திரும்பிப் போய், வழக்கமாக என்னை ஏற்றிச் செல்லும் நானாவிடம் பதினாறு தாள்களை நீட்டினேன். "என்ன மகள், காணியா எழுதிக் குடுக்கச் சொல்றீங்க?" என்று சிரித்தவர், ஆசனத்தில் தாள்களை வைத்து ஒவ்வொன்றாகக் கையொப்பமிட்டார். கடைசித் தாளில் பேனாவை நிறுத்திவிட்டு, "உங்கள நம்பித்தானே காசு தந்தாங்க?" என்று கேட்டார். நான் ஆம் என்றேன். பணம் மூன்று மாதங்கள் கழித்து வந்தது. அதுவரை அந்தக் கூலியைச் சுமந்தது என்னுடைய மகாபொல புலமைப்பரிசில், அப்போது மாதம் 5,000 ரூபாய்.

தெகிவளை வாசகன்:
என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆகவே ஒரு யோசனையை மட்டும் சொல்கிறேன். மேலே எழுதிய சகோதரி பிக்மீ செயலியில் வண்டி எடுத்திருந்தால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பற்றுச்சீட்டு மின்னஞ்சலிலேயே வந்திருக்கும். மாணவர்கள் இத்தகைய விடயங்களை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

வாவிக்கரை மாணவி:
திட்டமிட்டேன், சகோதரரே. செயலியில் வந்த முதல் இரண்டு சாரதிகளும் பெட்டியின் நாற்றத்தைக் கண்டு ஓட்டத்தை இரத்துச் செய்துவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
எனக்குக் கிடைத்தது ஐரோப்பிய ஆய்வுகூடம் ஒன்றில் பத்து வாரங்கள். கடிதம் 2022 மார்ச்சில் வந்தது. கொடுப்பனவு உண்டு, தங்குமிடம் உண்டு, விமானச் சீட்டின் விலையை அங்கே போய்ச் சேர்ந்த பின் தருவார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்ட கதையை நான் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் ஏப்ரல் 12 அன்று அறிவித்த அதே வாரத்தில், காலி வீதியில் உள்ள ஒரு பயண முகவரின் முன் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு தொகையைத் தாளில் எழுதினார், தொலைபேசியில் ஏதோ கேட்டார், அதை வெட்டிவிட்டு அதற்குக் கீழே இன்னொன்றை எழுதினார். அப்பா இரண்டு தொகைகளையும் மாறி மாறிப் பார்த்தாரே தவிர, என் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, வர முடியாது என்று நானே எழுதி அனுப்பினேன். அடுத்த கோடையில் வரலாமே என்று பேராசிரியர் அன்புடன் பதில் எழுதினார். அடுத்த கோடையில் நான் பட்டதாரி. அந்தத் திட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்.

ஒரு விரிவுரையாளர்:
தம்பி அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். என் மாணவி ஒருவருக்கும் இதே நிலை வந்தது, பயணச் சீட்டை நிறுவனமே நேரடியாக எடுத்துத் தருமா என்று கேட்டோம், தந்தார்கள். கேட்பதில் வெட்கம் கூடாது.

விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு இன்னும் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். இளநிலை மாணவர்களைக் கோடையில் ஆய்வுக்கு எடுக்கும் அமெரிக்காவின் ஆர்ஈயூ (REU) திட்டத்தைப் பார்த்து ஆண்டுதோறும் சிலர் என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் மட்டுமே உரியது. அதைப் போன்ற ஜெர்மனியின் ரைஸ் (RISE) திட்டம் வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து ஆகியவற்றின் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கானது. இவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஜப்பானில் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், சவூதி அரேபியாவில் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் எந்நாட்டு மாணவரையும் பயிற்சிக்கு ஏற்கின்றன. பயணச் செலவு, தங்குமிடம், கொடுப்பனவு மூன்றும் அவற்றில் அடங்கும். இவ்விரண்டையும் நான் குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவை கோடைக்கு மட்டும் உரியவை அல்ல. கொழும்பில் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு நமது கல்வியாண்டு இழுபட்ட இழுபாட்டில், ஜூலையில் பரீட்சை எழுதிய அணிகளும் உண்டு, ஜூலையில் முதல் விரிவுரைக்கு வந்த அணிகளும் உண்டு. ஆகவே திகதியை நீங்களே முன்மொழியக்கூடிய திட்டங்களைத் தேடுங்கள், துறைத் தலைவரிடம் விடுகைக் கடிதத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள், பரீட்சை அட்டவணை வெளிவரும் வரை பயணச் சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

வாவிக்கரை மாணவி:
சேர், பயனுள்ள தகவல்கள், நன்றி. ஆனால் கொட்டாஞ்சேனைச் சகோதரர் திட்டங்களின் பட்டியலைக் கேட்கவில்லை. தெரிவு செய்யப்பட்ட பிறகும், யார் வீட்டில் மூன்று மாதத்துக்குக் கடன் கொடுக்க முடியும் என்ற இரண்டாவது தெரிவு ஒன்று நடக்கிறது. அதற்கு யாரும் விண்ணப்பப் படிவம் அச்சிடுவதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சேர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் கேட்காமலே விட்டேன் என்று ஆகிவிடும். கேட்டேன். முகவரிடம் போவதற்கு முதல் நாளே கேட்டு எழுதினேன். அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: விமானத்தில் ஏறியதற்கான சீட்டின் மூலப்பிரதியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால், முழுத் தொகையையும் முப்பது நாட்களுக்குள் வங்கியில் வைப்பிலிடுவார்களாம்.