முந்திரிகைக் கொடியின் நித்திரை

எனக்கு ஊர் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி. கிணற்றடியில் ஒரு முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. (கஜு இல்லை, திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) நட்டு நாலு வருஷமாகப் பந்தல் நிறைய இலைதான், ஒரு குலை கூட இல்லை. வெட்டி எறிய நினைத்திருந்த நேரத்தில் சுவிஸில் இருக்கும் தம்பியிடம் போனேன்.

லொசானுக்குக் கிழக்கே லவோ என்ற இடம். ஏரிக்கரையில் இருந்தே மலை நிமிர்ந்து ஏறுகிறது. கல்மதில் கட்டிப் படிபடியாக்கி, முழுக்கக் கொடி நட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் துறவிகள் தொடங்கிய வேலை, 2007 முதல் உலக மரபுரிமை. அங்கே மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்புவது ஒன்று, கல்மதில் பகலில் வாங்கி இரவில் விடும் சூடு ஒன்று.

ஒரு சிறிய தோட்டத்தில் இரண்டு நாள் குலை வெட்டினோம். ஷாஸ்லா என்ற வெள்ளைப் பழம். அன்றைக்கே பிழிந்து சாற்றை மட்டும் தொட்டியில் விட்டார்கள். சிவப்பு வைனுக்கென்றால் தோலோடு நொதிக்க விடுவார்களாம், நிறம் தோலில்தானே இருக்கிறது. முந்தி விட்ட தொட்டியில் காதை வைத்தால் சோறு கொதிக்கிற மாதிரி சத்தம். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு நிலவறையில் தங்கும் என்று, கதவைத் திறந்து காற்றோட விட்ட பிறகே எங்களை இறங்க விட்டார் தோட்டக்காரப் பெரியவர்.

அவரிடம் என் பந்தலைச் சொன்னேன். தம்பி மொழிபெயர்த்தான். "குளிரில் எங்கள் கொடி இலை கொட்டி உறங்கும். உறங்கும்போதே வெட்டுவோம். உங்கள் கொடி எப்போது உறங்குகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

ஊருக்கு வந்து, கொடி உறங்கட்டும் என்று இரண்டு கிழமை தண்ணீரைக் குறைத்தேன். இலையை உருவி, முற்றிய கிளைகளைச் சில கணு விட்டு வெட்டினேன். புதுத் துளிரோடு பூவும் வந்தது! ஆனால் வெட்டியது ஐப்பசியில். மழை பிடித்து, இலைக்கடியில் வெள்ளைப் பூஞ்சணம் வந்து எல்லாம் போயிற்று. அழுகையே வந்தது. அடுத்த முறை மாசிக் கடைசியில் வெட்டினேன். ஏறத்தாழ 110 நாளில், மழையில்லாத கச்சான் காற்று வீசும் காலத்தில், கறுத்த குலைகள்.

திருக்கோவில் என்ற ஊரில் இருந்து ஒரு மறுமொழி:
அண்ணே, பூஞ்சணத்துக்கு நான் போர்டோ கலவைதான் அடிக்கிறேன். 10 லீட்டருக்கு மயில்துத்தம் (செப்பு சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இரும்பு வாளி கூடாது. கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கறுத்தவுடன் பறித்தீர்களா?

ஆரையம்பதி:
முதல் குலையை அப்படித்தான் பறித்தேன் தம்பி, புளித்தது. கொடியில் இருந்து பறித்த பிறகு இந்தப் பழத்தில் இனிப்பு ஏறாது. மற்றதைப் பத்து நாள் விட்டு வைத்தேன். நல்ல இனிப்பு. அடுத்த மாசிக்கு நீங்களும் வந்து பாருங்கள், சேர்ந்தே வெட்டுவோம்.