"நம்ம வீடு" குழு: கடை பில்லுக்கு ஒரு அமைப்பு ஃபைல்

நான், காலை 9:05
சித்தப்பா, சித்தி, கடை பில் புரோகிராமைத் திருத்தி நேற்று இரவு உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். இனி வரி மாறினால் என்னைத் தேட வேண்டாம். அதே ஃபோல்டரில் "அமைப்பு" என்று ஒரு ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றிச் சேமித்தால் போதும்.

சித்தப்பா, 9:11
நல்லதுப்பா. 2025 செப்டம்பர் 22 அன்று பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜிஎஸ்டி வரி குறைந்த நாள். நெய் 12 சதவீதத்திலிருந்து 5, பிஸ்கட்டும் ஷாம்புவும் 18இலிருந்து 5. பேப்பரைப் படித்துவிட்டு வந்து எல்லோரும் கேட்கிறார்கள், நம் பில்லில் பழைய வரியே அடிக்கிறது.

நான், 9:14
அது என் தவறு சித்தப்பா. விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். அவசரத்தில் மூன்றைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டேன். இப்போது ஒரே இடம்தான்:

[கடை]
முகவரி = கடைவீதி

[வரி]
நெய் = 5
பிஸ்கட் = 5
ஷாம்பு = 5

[பில்]
# வேண்டாம் என்றால் இல்லை என்று மாற்றவும்
தமிழில்_அச்சு = உண்டு

அக்கா, 9:20
தலைப்பு போட்டுப் பெயர் = மதிப்பு என்று எழுதும் ஐஎன்ஐ (INI) வகையா? டாம்ல் (TOML) என்ற அமைப்பு ஃபைல் வகையை வைத்திருக்கலாமேடா. அதில் எண் எண்ணாகவே வரும்.

நான், 9:26
யோசித்தேன் அக்கா. கடையில் இருப்பது விண்டோஸ் 7. நான் புரோகிராம் எழுதிய பைத்தான் மொழி அதில் 3.8 பதிப்புக்கு மேல் ஏறாது. டாம்லைப் படிக்கும் டாம்லிப் 3.11இல்தான் பைத்தானோடு வந்தது. அதுவும் போக, டாம்லில் தமிழ்ப் பெயர் வைத்தால் ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஒரு குறி விட்டுப்போனாலும் சித்திக்குத் தொல்லை. ஐஎன்ஐயைப் படிக்கும் பைத்தானின் கான்ஃபிக்பார்சரில் நெய் என்று அப்படியே எழுதலாம். எல்லாம் எழுத்தாகத்தான் வரும், எண்ணாக மாற்றுவது என் வேலை.

சித்தி, 10:40
தம்பி, ஷாம்புவுக்கு 5% என்று போட்டேன். பில் திறக்கவே இல்லை. கறுப்புத் திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்து மூடிக்கொண்டது. கடையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

நான், 10:41
அந்த % குறியை மட்டும் அழித்துவிட்டுச் சேமியுங்கள் சித்தி.

சித்தி, 10:43
வந்துவிட்டது.

நான், 10:58
உங்கள் மேல் தவறில்லை சித்தி. வரி என்றால் யாராக இருந்தாலும் % போடுவார்கள், நான்தான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். % வந்தால், வேறொரு மதிப்பை இங்கே கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார்கள் என்று கான்ஃபிக்பார்சர் எடுத்துக்கொள்ளும். இன்டர்போலேஷன் என்று அதற்குப் பெயர். நமக்கு அது தேவையில்லை, நிறுத்திவிட்டேன். இனி % போட்டாலும் அதை நீக்கிவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளும். புரியாததாக ஏதாவது இருந்தால் எந்தப் பொருளில் பிழை என்று தமிழிலேயே சொல்லும்.

அக்கா, 11:02
உண்டு, இல்லை எப்படி வேலை செய்கிறது? ஆமா இல்லையா என்று படிக்கும் கான்ஃபிக்பார்சரின் கெட்பூலியன் யெஸ், நோ, ட்ரூ, ஃபால்ஸ், ஆன், ஆஃப், 1, 0 மட்டும்தானே ஏற்கும்?

நான், 11:06
அந்தப் பட்டியலே பூலியன்_ஸ்டேட்ஸ் என்ற ஒரு டிக்ஷனரிதான், எந்தச் சொல் ஆம், எந்தச் சொல் இல்லை என்ற அட்டவணை. நம் இரண்டு சொல்லையும் அதில் சேர்த்துவிட்டேன். பைத்தானின் வெறும் பூல் கட்டளையைப் போட்டிருந்தால் காலியாக இல்லாத எந்த எழுத்தும் ட்ரூ, அதாவது ஆம் ஆகிவிடும், இல்லை என்பதும் கூட.

சித்தப்பா, 12:15
பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று அதைப் புது நோட்பேடில் ஒட்டி இன்னொரு ஃபைலாகச் சேமித்தேன். திறந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி.

நான், 12:19
நகல் எடுப்பது மிக நல்ல பழக்கம் சித்தப்பா. ஆனால் விண்டோஸ் 7 நோட்பேட் புது ஃபைலை ஆன்சி என்ற பழைய எழுத்து முறையில் சேமிக்கும், அதில் தமிழ் நிற்காது. சேமிக்கும் பெட்டியின் அடியில் என்கோடிங் இருக்கும், அங்கே தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். அதைவிட எளிது, ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பேஸ்ட். அந்த நோட்பேட் யூடிஎஃப்-8 ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி ஒன்றை வைக்கும். அது முதல் தலைப்பைக் கெடுக்காதபடி அந்தக் குறியைத் தள்ளிவிடும் யூடிஎஃப்-8-சிக் முறையில் படிக்க வைத்திருக்கிறேன்.

சித்தப்பா, 12:31
ரைட் கிளிக் செய்து எடுத்தேன். தமிழ் அப்படியே இருக்கிறது.

சித்தி, மாலை 6:50
தம்பி, பாக்கெட் மிக்சர் பட்டியலில் இல்லை. பிஸ்கட்டுக்குக் கீழே மிக்சர் = 5 என்று நானே ஒரு வரி சேர்த்தேன். புரோகிராமை மூடித் திறந்தேன்.

நான், 6:52
பில் சரியாக வருகிறதா சித்தி?

சித்தி, 6:55
இரண்டு பாக்கெட் போட்டேன். வரி சரியாகப் பிடித்தது. அப்பளத்தையும் சேர்க்கப் போகிறேன், அதற்கு வரி கிடையாது. 0 போட்டால் ஏற்குமா?

நான், 6:56
ஏற்கும் சித்தி. போடுங்கள்.