மாமா விட்டுச்சென்ற ஸ்கெலிட்டர் பொம்மை எந்த நாட்டுத் தயாரிப்பு?

பாளையங்கோட்டையில் எங்கள் மாமாவின் வீட்டுப் பரணைச் சென்ற மாதம் ஒழித்தபோது, கார்ட்டூன் நாயகன் ஹீ-மேனின் பகைவனான ஸ்கெலிட்டரின் ஐந்தரை அங்குலப் பொம்மை ஒன்று தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. (அம்மா அதைக் கொலுவுக்கு வாங்கிய அசுரன் என்றே நினைத்திருந்தார்.)

மண்டையோட்டு முகத்தின் மஞ்சள் மங்கவில்லை. இடுப்பைத் திருகி விட்டால் இன்றும் விசையோடு திரும்புகிறது. ஆனால் கால்கள் தொளதொளவென்று ஆடுகின்றன. ஊதா மார்புக் கவசம் இருக்கிறது, ஆட்டுத்தலைக் கோலும் வாளும் இல்லை. முதுகில் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டலின் பெயரும் 1981 என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன. அது வடிவமைப்புக்கான பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. பொம்மை விற்பனைக்கு வந்தது 1982இல் என்பதால், அதை வைத்து வயதைச் சொல்ல இயலவில்லை. நாட்டின் பெயர் எங்கும் தென்படவில்லை.

சோப்பு நீரில் கழுவி, உருப்பெருக்கியால் பார்த்தேன். இணையப் படங்களோடு ஒப்பிட்டதில் குழப்பமே மிஞ்சியது. திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையம் அருகே ஒரு பழைய பொருள் கடையில் ஐம்பது ரூபாய் என்றார்கள். அதை நான் மதிப்பீடாகக் கொள்ளவில்லை.

மாமா வளைகுடாவில் வேலை பார்த்தவர். இந்தியாவிலும் லியோ நிறுவனம் இதே பொம்மைகளைத் தயாரித்தது. பொறிப்பில் நாட்டின் பெயர் இல்லாத நிலையில், இது இந்தியத் தயாரிப்பா வெளிநாட்டுத் தயாரிப்பா என்பதை எந்த அடையாளத்தைக் கொண்டு உறுதிசெய்யலாம்?